ஒரே மாதிரி இரண்டு தயிர் வாளி

மாக்கிரட் பொய் சொல்லித் திரிகிற மனுசி இல்லை. இதை முதலே சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சம் போக நீங்களே அவளைப் பிடித்து ஏசத் தொடங்கிவிடுவீர்கள். மன்னாரில் பிறந்து, மொன்றியல் லாசாலில் இருபத்தாறு வருசம் குடியிருந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத ஆள். அவள் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று போன நவம்பரில் மருமகளுக்குச் சொன்னது. வீட்டில் கச்சான், அதுதான் நிலக்கடலை, ஒன்றும் இல்லை என்றாள், அவ்வளவுதான்.

மருமகள் கெண்ட்ரா அமெரிக்காவில் அலபாமாப் பக்கத்துப் பிள்ளை. நேர்ஸ் வேலைக்கு மொன்றியல் வந்த இடத்தில் மாக்கிரட்டின் மகன் பற்றிக்கைக் கண்டு, கலியாணம் முடித்து, ஆற்றுப் பாலத்துக்கு அங்காலே லொங்குய்யில் மெட்ரோவுக்குக் கிட்ட இருக்கிறார்கள். கெண்ட்ராவுக்கு முதல் கலியாணத்தில் ஒரு பெண்பிள்ளை, ஆறு வயது, நைலா என்று பேர். சனம் வாய் சும்மா இருக்குமா, அது பற்றிக்கின் பிள்ளை இல்லையே என்று கதைத்தது. மாக்கிரட் அதைக் காதிலேயே போடவில்லை. அந்தப் பிள்ளை வந்து மடியில் ஏறி இருந்தால் அவளுக்கு இடுப்பு வலியும் மறந்துபோகும்.

அந்தப் பிள்ளைக்குத்தான் கச்சான் ஆகாது. ஆகாது என்றால் சொறியும் கடியும் என்று மாக்கிரட் நினைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருசமாகச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு கார்டெறியில் துப்புரவு வேலை செய்கிறாள். அங்கே வாசல் கண்ணாடியில் கச்சானுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படமும் கீழே அதின் பிரெஞ்சுப் பேரும் ஒட்டியிருக்கும், தினமும் அதைத் துடைக்கிறவளே அவள்தான். ஆனாலும் அதெல்லாம் வெள்ளைக்காரரின் கெடுபிடி என்று ஒரு எண்ணம். பற்றிக்கின் கலியாண எழுத்தன்று பிள்ளை கையை நீட்டக் கேட்டுக்கேள்வி இல்லாமல் ஒரு கிள்ளு மிக்சர் கொடுத்துவிட்டாள். ஐந்து நிமிசம் இல்லை, பிள்ளையின் சொண்டு வீங்கி, கண் மூடி, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு இழுப்புச் சத்தம் வந்தது. கெண்ட்ரா பையிலிருந்து ஊசியை எடுத்துச் சட்டைக்கு மேலாலேயே தொடையில் குத்தினாள். அந்தச் சத்தம் இண்டைக்கும் மாக்கிரட்டின் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கெண்ட்ரா சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. மரியாதையாக வருவாள், மிஸ் மாக்கிரட் என்று கூப்பிடுவாள், பிள்ளைக்கு மட்டும் சாப்பாடு பெட்டியில் கட்டிக்கொண்டு வருவாள். இரண்டு வருசம் அந்தப் பிள்ளை மாக்கிரட்டின் வீட்டில் ஒரு வாய் தண்ணிகூட அவர்களின் கோப்பையில் குடித்ததில்லை. வந்த பிள்ளைக்குக் கையால் ஒன்றும் கொடுக்கேலாமல் இருக்கிறது எவ்வளவு பெரிய தண்டனை என்று எங்கடை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் போன நவம்பரில் பற்றிக் வந்து ஒரு கதை சொன்னதும் மாக்கிரட் துள்ளி எழும்பினாள். அமெரிக்கர்களின் நன்றி நாள் வருகுதாம், அது வியாழனென்றாலும் தங்கள் வீட்டில் ஞாயிறுதான் விருந்தாம். கெண்ட்ராவின் ஊரில் அண்டைக்குச் சோள ரொட்டியை உதிர்த்து, கோழி அவித்த தண்ணியில் குழைத்து, வெங்காயம், செலரி, முட்டை, சேஜ் இலைத்தூள் எல்லாம் போட்டு, கோழியையும் பிய்த்துக் கலந்து, அவணில் வைத்து எடுப்பார்களாம். டிரெஸ்ஸிங் என்று பேர். கெண்ட்ராவுக்கு வார்டில் ஓயாத வேலை, செய்ய நேரமில்லை என்று கவலைப்படுகிறாள். அம்மா செய்வாவோ?

அம்மா செய்வா. கெண்ட்ரா யோசித்து யோசித்துத்தான் ஓம் என்றாள். ஆனால் முதல் வீட்டைத் துப்புரவாக்கவேண்டும், கச்சான் பட்டது எதுவும் இருக்கக்கூடாது, தான் புதன்கிழமை வந்து பார்ப்பேன் என்றாள். மாக்கிரட் கச்சானைக் கொட்டினாள், மிக்சரைக் கொட்டினாள், அலுமாரித் தட்டெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். ஒன்றை மட்டும் கொட்ட மனம் வரவில்லை. அது சத்துமா. சோளம், பயறு, அரிசி, சோயா, கச்சான் எல்லாம் வறுத்து இடித்து மன்னாரிலிருந்து தங்கச்சி அனுப்பியது. புருசன் பத்திநாதருக்கு அது இல்லாமல் பின்னேரம் விடியாது. மூடி இறுக்கின வாளிக்குள் இருக்கிற மா பறந்துபோய் ஆரையும் கடிக்கப்போகுதோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாளி என்றது தயிர் வாளி. தயிர் முடிந்தால் எங்கடை வீடுகளில் வாளியை எறிகிற வழக்கமே இல்லையே. கழுவிக் காயவைத்து, ஒன்றில் மல்லி, ஒன்றில் பருப்பு. சத்துமா ஒரு வாளியில் இருந்தது. டிரெஸ்ஸிங்குக்கு வாங்கின சோளமாவையும் பையில் விட்டால் பூச்சி பிடிக்கும் என்று அதேமாதிரி இன்னொரு வாளியில் கொட்டி, இரண்டையும் அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் அடுத்தடுத்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை கெண்ட்ரா சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்து மணியை அடித்தாள்.  மாக்கிரட் ஓடிப்போய்ச் சத்துமா வாளியை இழுத்து, நடையிலிருந்த அலுமாரியில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். கெண்ட்ரா ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்திலிருந்த வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். உங்கடை சாப்பாட்டுக்கு வாங்கின சோளமா என்றாள் மாக்கிரட். கெண்ட்ரா முதல்தரமாக அவளைக் கட்டிப்பிடித்தாள். அப்போதுதான், வேறு ஒன்றும் வீட்டில் இல்லையே என்று அவள் கேட்க, இவள் கச்சான் ஒன்றும் இல்லை என்று சொன்னது.

சனிக்கிழமை சமையல். மாக்கிரட்டுக்கு வெள்ளி தொடக்கம் தடிமன் பிடித்து மூக்கு முழுக்க அடைபட்டிருந்தது. பிள்ளைக்குத் தொற்றிவிடும் என்று முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் குசினிக்குள் நின்றாள், மூச்சில் கண்ணாடி புகைபிடிக்க அதையும் கழற்றி வைத்துவிட்டாள். மணமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை, எல்லாம் கைமதிப்பு. அலபாமாவிலிருந்து கெண்ட்ராவின் தாய் வீடியோவில் வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தா. மா, முட்டை, மோர் கலந்து ரொட்டி சுட்டாள். முத்தல் கோழியை மூன்று மணித்தியாலம் அவித்தாள். ரொட்டி நல்ல மண்ணிறமாக வந்தது. போனுக்கு முன்னால் தூக்கிக் காட்ட, அந்த மனுசி வடிவாக வந்திருக்கு என்று கைதட்டினா. ஞாயிறு காலமை எல்லாவற்றையும் குழைத்து, பெரிய அலுமினியத் தட்டில் பரப்பி, அவணில் வைத்து எடுத்தாள். பதினொன்றரைக்குப் பற்றிக் வந்து தூக்கிக்கொண்டு போனான். தடிமனோடு அங்கே போகக்கூடாது என்று அவள் வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

ஒன்று இருபதுக்குப் பற்றிக்கிடமிருந்து செய்தி வந்தது. 'அம்மா, நைலா ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். நல்ல விருப்பமாம். கெண்ட்ராவுக்கும் சந்தோசம்.'

மாக்கிரட் அதை நாலுதரம் வாசித்தாள். பேந்து பத்திநாதருக்கு உரத்து வாசித்துக் காட்டினாள். அவர் கண் ஒப்பரேசன் செய்து ஒரு கண்ணில் மூடி போட்டபடி கதிரையில் சாய்ந்திருந்தார். நாலு நாளாகச் சத்துமா இல்லாமல் காய்ந்துபோய்விட்டேன், இனியாவது தாறியோ என்று முணுமுணுத்தார். அவளுக்கு அந்த நேரம் ஊருக்கே விருந்து வைக்கிற மனம். சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னாலிருந்த வாளியை எடுத்தாள், சுடுதண்ணி விட்டு, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தாள்.

பத்திநாதர் ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இது பச்சை மா, நறநற என்று பல்லுக்குள் அரைபடுகுது என்றார். உங்கடை பல்லைப் பாருங்கோ முதலில் என்று பகிடியாகச் சொல்லிக்கொண்டே அவள் கண்ணாடியைப் போட்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். மஞ்சளாக, ரவை மாதிரிக் குருணலாகக் கிடந்தது. வாளி நிறைய. உருண்டைக்கு அள்ளினதைத் தவிரக் கைபடாத சோளமா.

 குசினிக்குப் போய் மற்ற வாளியை எடுத்தாள். அடியில் ஒரு கரண்டியளவு மண்ணிற மா, பவுடர் மாதிரி மென்மையாக. மூக்குக்குக் கிட்ட வைத்தாள். மூக்கு கல்லாய் அடைத்துக் கிடந்தது. திரும்பிவந்து வாளியைப் பத்திநாதரின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். பிடித்த அவசரத்தில் வாளி அவருடைய நாடியில் இடித்தது.

"இஞ்சாருங்கோ, இது என்ன மணக்குது?"

"கச்சான்," என்றார் பத்திநாதர். "இதுதானே என்ரை சத்துமா."

அந்தப் புதன்கிழமை மணிச் சத்தத்துக்குப் பயந்து அவள் ஒளித்தது சோளமாவை. சத்துமா கெண்ட்ராவின் கண்ணுக்கு முன்னாலேயே தட்டில் நின்றிருக்கிறது. அதற்குத்தான் கெண்ட்ரா அவளைக் கட்டிப்பிடித்தாள்.

இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். ஒரு கிள்ளு மிக்சருக்கே அந்தப் பாடு என்றால், இரண்டு கோப்பை! மாக்கிரட் பற்றிக்குக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. கெண்ட்ராவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு வரமுந்தி எல்லாருடைய போனையும் சத்தத்தை நிப்பாட்டிக் கூடையில் போட்டுப் படுக்கையறையில் வைக்கிறது கெண்ட்ராவின் சட்டம். பிள்ளை சாப்பிட்டு முடிய, பெரிய ஆக்கள் மேசையில் இருக்கமுந்தி, பற்றிக் அந்தச் செய்தியை அனுப்பிவிட்டுப் போட்டிருப்பான். 'கச்சான் இருக்கு, ஊசி போடு' என்று எழுதி அனுப்பினாள். வாசித்த அடையாளம் வரவில்லை. இன்னும் மூன்று தரம் அனுப்பினாள்.

மேல்வீட்டில் இருக்கிற சாம்பவியிடம் கார் இருக்கு. மாக்கிரட் செருப்போடு, குளிருடுப்பும் இல்லாமல் வெளிப்படியில் ஏறி ஓடினாள். ஏறும்போது 911ஐ அடிக்கவேண்டும் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. பற்றிக் இப்ப எடுப்பான், எடுத்தால் மெதுவாகச் சொல்லிவிடலாம், அம்புலன்சைக் கூப்பிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், கெண்ட்ரா இனி வாசலிலும் மிதிக்க விடமாட்டாள் என்று ஒரு யோசனை குறுக்கே வந்தது. பதினேழு படி ஏறுகிற நேரம் அந்த யோசனை அவளுக்குள் இருந்தது. அந்தப் பதினேழு படியையும் அவள் இண்டைக்கும் தனக்கு மன்னிக்கவில்லை.

சாம்பவி காரை எடுத்த உடனே மாக்கிரட் 911ஐ அடித்தாள். ஒரு பெண்குரல் பிரெஞ்சில் வந்தது. மாக்கிரட்டுக்குத் தெரிந்த பிரெஞ்சு கார்டெறிப் பிரெஞ்சுதான், ஆனால் கச்சானுக்கான சொல் அந்த வாசல் கண்ணாடியில் பதினொரு வருசம் துடைத்த சொல். அறாஷீட், அறாஷீட் என்றாள். ஆறு வயதுப் பெண்பிள்ளை என்றாள். லொங்குய் விலாசத்தைச் சொன்னாள். பிள்ளை மூச்சு விடுகிறாளோ என்று அந்தக் குரல் கேட்டது. எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை என்று சொல்லும்போது அவளுக்கு வாய் கோணிப்போனது. அறாஷீட்டை யார் கொடுத்தது என்று கேட்டது. நான், என்றாள் மாக்கிரட்.

பாலத்தில் திருத்த வேலை. செம்மஞ்சள் கூம்புகளை வரிசையாக வைத்து ஒரு பாதையை அடைத்திருந்தார்கள். கார் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. சாம்பவி நல்ல பிள்ளை, அன்ரி பயப்பிடாதேங்கோ, அவையிட்டை ஊசி இருக்குத்தானே என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். மாக்கிரட் செபமாலை சொல்லப் பார்த்தாள். அருள் நிறைந்த மரியே என்றதுக்கு அங்காலே ஒன்றும் வரவில்லை. பிறந்தது தொடக்கம் சொல்லிவந்த செபம், அடுத்த வரி வரவில்லை. வீங்கின சொண்டும் அந்த இழுப்புச் சத்தமும்தான் வந்தது. இப்ப பத்து நிமிசம், இப்ப இருபது, இப்ப முப்பத்தைந்து என்று கார் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பார்க்கப் பயந்து கையால் மறைத்தாள். என்னை எடு, என்னை எடு என்று மாதாவோடு பேரம் பேசினாள்.

தெருவுக்குள் திரும்பின உடனே கண்டாள். கட்டடத்தின் வாசலில் அம்புலன்ஸ், விளக்குச் சுற்றுது, பின்கதவு திறந்து கிடக்குது.

தானே கூப்பிட்ட அம்புலன்ஸ் என்றது அவளுக்கு அந்தக் கணம் அடியோடு மறந்துபோனது. பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தாள்.  சாம்பவிதான் பிடித்துக் காரால் இறக்கினாள். இரண்டாம் மாடிக்கு எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஒரு செருப்பு முதல் மாடியில் கழன்று கிடந்ததைச் சாம்பவி பேந்து எடுத்துவந்தாள்.

கதவு அகலத் திறந்திருந்தது. சோபாவில் நைலா இருந்தாள். இருந்தாள், படுத்திருக்கவில்லை. விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள், அதில் சிவப்பு வெளிச்சம் எரிகிறதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொண்டு சொண்டாகவே இருந்தது. அம்புலன்ஸ்காரப் பெண் ஒருத்தி முழங்காலில் இருந்து பிள்ளையின் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கெண்ட்ரா ஊசியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். பற்றிக் சுவரோடு நின்றான்.

பிள்ளை எவ்வளவு சாப்பிட்டவள் என்று அந்தப் பெண் கேட்டாள். கெண்ட்ரா பற்றிக்கைப் பார்த்தாள். பற்றிக் நிலத்தைப் பார்த்தான். 

நைலாதான் சொன்னாள். தான் சாப்பிட்டது அம்மா செய்ததை. மிஸ் மாக்கிரட் செய்தது பெரிய ஆக்களுக்கு. அதைத் தொடக்கூடாது என்று அம்மா சொன்னவ.

அப்போதுதான் மாக்கிரட் அடுப்பைப் பார்த்தாள். தன்னுடைய அலுமினியத் தட்டு ஒரு பக்கம், மூலையில் பற்றிக் வெட்டியெடுத்த பள்ளம் மட்டும். அதற்குத் தூரத்தில், ஒரு துணியால் மூடி, சின்னக் கண்ணாடிப் பாத்திரம். பாதி வெறும். அதற்குள்ளும் டிரெஸ்ஸிங்தான். வார்டில் இரவு வேலை முடித்துவந்து, நித்திரை கொள்ளாமல், கெண்ட்ரா தன் பிள்ளைக்கென்று தன் கையால் தனியாகச் செய்திருக்கிறாள்.

மாக்கிரட் வாசலிலிருந்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் தொப்பென்று இருந்துவிட்டாள். பற்றிக் ஓடிவந்தான். அம்மா மனம் நோகும் எண்டுதான் அப்பிடி எழுதினனான் என்றான். சாப்பிடேக்கை எங்கேயோ தெரிந்த ருசியாக இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை என்றான். சத்துமாவில் வளர்ந்த எருமைக்கு அது பிடிபடவில்லையாம். வேறு நாளென்றால் ஏசியிருப்பாள்.

கெண்ட்ரா வந்து அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"மிஸ் மாக்கிரட், நான் உங்களை நம்பத்தான் நினைச்சன். தட்டிலை போட்டுப் பிள்ளைக்கு முன்னாலை வைச்சும் போட்டன். குடுக்கக் கை விடேல்லை, திருப்பி எடுத்திட்டன். பேந்து பற்றிக்கைப் பொய் சொல்லச் சொன்னன்."

மாக்கிரட் எல்லாவற்றையும் சொன்னாள். தடிமன் குரலில், பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக, பற்றிக் இடையிடையே விளங்கப்படுத்த, வாளியை ஒளித்ததையும், மாறி ஒளித்ததையும், கச்சான் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதையும், படியேறேக்குள்ளே ஒரு நிமிசம் அம்புலன்சைக் கூப்பிடாமல் யோசித்ததையும்கூடச் சொன்னாள். அதைச் சொல்லத் தேவையில்லை, ஒருவரும் கேட்கவில்லை. சொன்னாள். கெண்ட்ராவின் முகம் இறுகிக்கொண்டே போனது. தேற்றவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"பிள்ளை," என்றாள் மாக்கிரட், "நீ எனக்குப் பொய் சொன்னதுக்கு நான் மடு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவன். இனியும் என்னை நம்பாதை. நான் என்ன கொண்டுவந்தாலும் பிள்ளைக்குக் குடாதை."

பற்றிக் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கினான். சொல்லடா என்று அவள் அதட்டத்தான் சொன்னான். கெண்ட்ரா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். குடுக்கமாட்டேன் என்ற தலையாட்டல் அது.

அம்புலன்ஸ்காரப் பெண் கிளிப்பைக் கழற்றினாள். ஒரே வீட்டுக்குள் இருந்த சாமான், அதனால் இன்னும் நாலு மணித்தியாலம் பிள்ளையைக் கண்ணால் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினாள். அதுவரைக்கும் பொறுமையாக இருந்த நைலா சோபாவால் குதித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மாக்கிரட்டிடம் ஓடிவந்தாள். மாக்கிரட் சுவரில் முட்டும்வரை பின்னுக்கு நகர்ந்தாள். கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். வேண்டாம் குஞ்சு, கையிலை மா, கையிலை மா என்று கத்தினாள். பிள்ளை திகைத்துப்போய் நின்றது.

பிறகு எழும்பிக் குசினித் தொட்டிக்குப் போனாள். முழங்கை மட்டும் சட்டையைச் சுருட்டினாள். கெண்ட்ரா பக்கத்தில் வந்து நின்று சவர்க்காரத்தை ஊற்றினாள். மாக்கிரட் நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம் தேய்த்துக் கழுவினாள். மூன்று தரம் கழுவிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். கெண்ட்ரா இரண்டு கையையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொருக்கா," என்றாள் கெண்ட்ரா.

மாக்கிரட் இன்னொருக்காக் கழுவினாள்.